சுவருக்குள் ஒரு தாடை

பயப்படாமல் கேளுங்கள். இந்தக் கதையில் யாரும் சாகப்போவதில்லை. செத்தது ஒன்றே ஒன்று. அதுவும் நம் எல்லாருடைய முன்னோருக்கும் முன்னோர் காலத்திலேயே செத்து மண்ணோடு மண்ணாகிவிட்டது. ஆனால் பயம் என்று ஒன்று இருந்தது உண்மை. ஒரு ரொட்டி அடுப்பு பள்ளத்தில் விழுந்துவிடுமோ என்ற பயம். அதைச் சின்னப் பயம் என்று சொல்லிவிடாதீர்கள். பசிக்கிற ஊரில் அடுப்பைவிடப் பெரியது எது?

எங்கள் எல் மோயார் ஊரின் மண் ஒரு தினுசு. வெயிலில் செங்கல்லாக இறுகும், மழையில் வெல்லமாகக் கரையும். ஒவ்வொரு மழைக்கும் ஊர் நடுவே ஓடும் பள்ளம் இரண்டு கரையிலும் ஒரு கடி கடித்துக்கொண்டு போகும். உங்களுக்கு எவ்வளவு நிலம் என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை. எவ்வளவு மிச்சம் என்றுதான் கேட்பார்கள். என் வீட்டுப் பீச் மரங்கள் போயின. பூவோடு போயின, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மேட்டுப் பக்கத்தில் இருந்த பொது ரொட்டி அடுப்பு உட்கார்ந்த வாக்கிலேயே சரிந்து போயிற்று. அதற்குப் பிறகு ஊரே மாவைப் பிசைந்து தலையில் வைத்துக்கொண்டு தோன்யா காசில்தாவின் முற்றத்துக்குத்தான் போகவேண்டும்.

தோன்யா என்றால் அம்மா, தோன் என்றால் ஐயா, எல்லாம் மரியாதைக்கு. காசில்தா கணவனை இழந்தவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். யார் பசித்து வந்தாலும் ரொட்டி நீளும். அவளுடைய அடுப்பு களிமண்ணால் கவிழ்த்த பானைபோல் செய்தது. குனிந்தால் ஒரு ஆள் உள்ளே போய்விடலாம். அது நின்ற இடம்தான் வம்பு. பள்ளம் அந்த இடத்தில்தான் வளைகிறது. மேலிருந்து ஓடிவரும் தண்ணீர் திரும்பத் தெரியாமல் நேராக அந்தக் கரையில் வந்து மோதும். அடுப்புக்கும் கரை விளிம்புக்கும் நடுவில் ஒரு கழுதை நிற்கலாம். இரண்டாவது கழுதைக்கு இடமில்லை. தள்ளிக் கட்டலாமே என்பீர்கள். எங்கே தள்ளுவது? பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் அடுத்தவர் திராட்சைத் தோட்டம்.

அதனால் போன உலர்காலத்தில், ஊரே கூடிச் செய்யும் மிங்கா வேலைக்கு ஆள் கூட்டி, அந்தக் கரையைத் தாங்க ஒரு சுவர் எழுப்பினோம். மிங்காவில் கூலி கிடையாது. சிச்சா என்ற மக்காச்சோளக் கள்ளும் காரக் கறியும் உண்டு, சும்மா நிற்பவனுக்கு ஏச்சும் உண்டு. வீட்டுக்கு ஒரு பெரிய கல் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சொல்வது எளிது. எங்கள் பக்கம் எல்லாம் மண்தானே தவிர, கல் அபூர்வம். பள்ளத்து அடியில் தேடித் தேடி, கையால் தட்டிப் பார்த்து, கெட்டியாக இருந்தால் கல் என்று எடுத்துக்கொண்டு வருவோம். அதற்கு மேல் யாரும் ஆராய்வதில்லை.

காசில்தா கொண்டுவந்த கல்லைப் பார்த்துத்தான் தோன் நெமேசியோ கன்னத்துக் கோக்கா இலையை மெல்லுவதை நிறுத்தினார். நெமேசியோதான் எங்கள் கல் வேலைக்காரர். சாந்து இல்லாமல், கல்லோடு கல் கோத்து அடுக்குவார். காசில்தாவின் கல் முன்பக்கம் அகன்று, பின்னால் இரண்டாகப் பிரிந்து, இரண்டு கை நீட்டிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் சுண்ணாம்பு படிந்து கரடுமுரடாக இருந்தது.

"தோன்யா காசில்தா, இது எங்க கிடைச்சுது?"

"உன் மாமியார் வீட்டுல. பள்ளத்துலதான்யா, வேற எங்க கிடைக்கும்?"

"இது மாதிரி ஒன்னுக்குக் காத்திருந்துதான் எனக்கு வயசே ஆச்சு. பாருங்க, ரெண்டு கை. நடுவுல ஒரு கல்லைக் குடுத்தா கட்டிப் பிடிச்சுக்கும். விடவே விடாது."

தண்ணீர் வந்து மோதும் முனையில், கீழிருந்து கொஞ்சம் மேலே, அந்தக் கல்லை வைத்து அதன் கைகளுக்கு நடுவே இன்னொரு கல்லை இறுக்கினார். அதன்மேல் மற்றக் கற்கள் ஏறின. எங்கள் நெமேசியோ அன்று குடித்த சிச்சாவுக்கு அளவில்லை. அவர் பெருமைக்கும்தான்.

மழைக்காலம் வந்தது. சுவர் நின்றது. முதல் வெள்ளம் எதிர்க் கரையைக் கடித்துவிட்டுப் போனபோது அங்கே மண்ணிலிருந்து ஒரு மண்டை ஓடு எட்டிப் பார்த்தது. மாட்டுத் தலையைப்போல் இரண்டு மடங்கு. எங்களுக்கு இது புதிதில்லை. எங்கள் பள்ளங்களில் பழங்காலத்து எலும்புகள் அவ்வப்போது வெளியே வரும். நகரத்து அருங்காட்சியகத்துக்குச் சொல்லி அனுப்பினால் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். இந்த முறை வந்தவள் நோயெலியா. மெலிந்த உடம்பு, பெரிய தொப்பி, கால் முழுக்கச் சேறு. டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று கேட்டதும் ஊரே அவளை டாக்டரம்மா என்று அழைக்க ஆரம்பித்தது. நெமேசியோ போய் முழங்காலைக் காட்டினார்.

"நான் செத்ததுக்குத்தான் டாக்டர், தாத்தா," என்றாள்.

"பரவாயில்ல, பாருங்க. இந்த முழங்கால் செத்து ரொம்ப நாளாச்சு."

அவள் நாள்தோறும் வந்து, தூரிகையாலும் சிறு ஆணியாலும் மண்டை ஓட்டைச் சுற்றி மண்ணை எடுத்தாள். மதியம் காசில்தாவின் முற்றத்தில் வந்து உட்காருவாள். சூடான ரொட்டி, ஆட்டுப் பாலாடைக்கட்டி, அவித்த மக்காச்சோளம் என்று எதை வைத்தாலும் சாப்பிடுவாள். சாப்பிடுகிறவளைக் காசில்தாவுக்குப் பிடிக்கும்.

"அது என்னா ஜீவன்? குதிரையா?" என்று காசில்தா ஒருநாள் கேட்டாள். நானும் என் மாவோடு அங்கேதான் இருந்தேன், நெமேசியோவும் இருந்தார்.

"இல்ல, தோன்யா. டாக்ஸோடான்னு பேர். வளைஞ்ச பல்லுன்னு அர்த்தம். காண்டாமிருகம் மாதிரி கனம், கட்டைக் கால், காலுக்கு மூணு குளம்பு. பல்லு மட்டும் சாகிற வரைக்கும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். புல்லு மேய மேயத் தேயும், தேயத் தேய வளரும்."

இரண்டே பல் மிச்சமிருந்த நெமேசியோ பெருமூச்சு விட்டார். "குடுத்து வச்ச ஜென்மம்."

"அப்ப அது யாரோட வம்சம்? மாடா, பன்னியா?" என்றாள் காசில்தா.

"ரெண்டும் இல்ல. மாடு, குதிரை எல்லாம் வெளியூர்லேருந்து வந்தவங்க. இது இங்கேயே உண்டான குடும்பம். நம்ம நாடு இருக்கிற இந்தப் பெரிய நிலம் கடல் நடுவுல தனியா இருந்த காலத்துல, முயல் அளவுலேருந்து இது அளவு வரைக்கும் குளம்பு வச்ச சாதி எத்தனையோ இங்க மேய்ஞ்சுது. வேற எங்கயும் கிடையாது."

"இப்ப எங்க இருக்குங்க?"

"எங்கயும் இல்ல. குதிரைக்கும் இதுக்கும் ரொம்பத் தூரத்துல ஏதோ ஒட்டு உறவு இருக்குங்கிறாங்க. ஆனா வாரிசுன்னு யாருமில்ல. மொத்தக் குடும்பமும் போயிருச்சு."

காசில்தா ரொட்டித் துடுப்பைக் கையில் பிடித்தபடி எதிர்க் கரையைப் பார்த்தாள். "தூக்கிப் போட ஒரு ஆள்கூட மிஞ்சலையா," என்றாள். அதற்குப் பிறகு அந்த மண்டை ஓட்டுப் பக்கம் ஆடு போனால் அவளே விரட்டினாள்.

மண்டை ஓடு முழுதாக வெளியே வந்தது. கீழ்த் தாடையை மட்டும் காணோம். நோயெலியா கரையை அலசினாள், கீழ்ப் பள்ளம் வரை நடந்து தேடினாள், கிடைக்கவில்லை. தாடையோடு கூடிய முழுத் தலை எங்கள் பள்ளத்தாக்கில் இவ்வளவு நல்ல நிலையில் கிடைப்பது பெரிய விஷயம் என்று சொல்லிச் சொல்லித் தேடினாள். கடைசியில் ஒருநாள் மதியம், கையில் ரொட்டியோடு பள்ளத்தில் இறங்கி, நிழலுக்காக எங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கை சும்மா இராமல் கற்களைத் தடவியது. வெள்ளம் மோதி மோதி ஒரு கல்லில் சுண்ணாம்புப் பொருக்கு உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில் எதுவோ பளபளத்தது.

அவள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு முட்டி போட்டாள். நான் கரை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ பாம்பு என்று நினைத்தேன்.

"தோன்யா," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்களேன்."

காசில்தா இறங்கிப் போனாள். நெமேசியோவும் போனார். மண்வெட்டி முனைகளை வரிசையாக அடுக்கியதுபோல் பற்கள், முன்னோக்கி நீண்டு, சுவரிலிருந்து எங்களைப் பார்த்து இளித்தன.

"என் கல்லு," என்றாள் காசில்தா.

"என் சுவரு," என்றார் நெமேசியோ.

"என் தாடை," என்றாள் நோயெலியா. சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பேச்சு வளர்ந்தது. சண்டை என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, அதனால்தான் கஷ்டம். காசில்தா சொன்னாள்: "மழைக்காலம் முடியட்டும். பாஸ்குவா உயிர்ப்புப் பண்டிகை வந்தா தண்ணி வத்திடும். அப்ப ஊரைக் கூட்டி நானே எடுத்துத் தர்றேன்."

"அதுவரைக்கும் தாங்காது, தோன்யா. தண்ணி நேரா அது மேலதான் மோதுது. மண்ணும் சரளையும் அரம் போட்டுத் தேய்க்கிற மாதிரி தேய்க்குது. பாஸ்குவா வரைக்கும் பல்லே இருக்காது."

"இப்ப எடுத்தா என் அடுப்பு இருக்காது."

நெமேசியோ தலையை ஆட்டினார். "அந்தக் கல்லை உருவினா சுவரோட வயிறு திறந்துக்கும். அப்புறம் வர்ற முதல் தண்ணிக்குக் கரை போயிரும். கரையோட அடுப்பும்."

நோயெலியா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "இந்த எலும்பெல்லாம் நாட்டுக்குச் சொந்தம்னு சட்டம் இருக்கு. நான் போய்ச் சொன்னா எடுக்கச் சொல்லி ஆணை வரும். சொல்ல மாட்டேன்னு நான் வாக்குக் குடுக்க முடியாது, தோன்யா. ஆனா அதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேக்கணும்னு தோணுச்சு. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் அன்று மண்டை ஓட்டை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். காசில்தா வழக்கம்போல் வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள். ஆனால் கையில் கொடுக்கவில்லை. இருக்கையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

"ஆணையோட வந்தா என்னா பண்ணுவ?" என்று நான் கேட்டேன்.

"வர மாட்டா. வர முடியாத மாதிரி செஞ்சுடுவேன். கொமாத்ரே வியாழன் வருதில்ல?"

நோன்புக்கு முன் வரும் கார்னவால் கொண்டாட்டத்துக்கு முந்தின வியாழன் எங்கள் பெண்களின் நாள். ஒருத்தி தனக்குப் பிடித்தவளுக்குக் கூடை அனுப்புவாள். கூடை நிறைய வளைய ரொட்டி, திராட்சை, பீச், பாலாடைக்கட்டி, தக்காளி, நடுவில் திருநீற்றுப்பச்சைக் கொத்து, சுற்றிலும் வண்ணக் காகிதச் சுருள். வாங்கிக்கொண்டால் அன்றுமுதல் இருவரும் கொமாத்ரே. கூடப்பிறந்தவளோடுகூடச் சண்டை போடலாம், கொமாத்ரேயோடு கூடாது. அவள் வீட்டுக்கு உன்னால் ஒரு கேடு வரக் கூடாது. கூடையைத் திருப்பி அனுப்பவும் முடியாது. எங்கள் பள்ளத்தாக்கில் அப்படிச் செய்த பெண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"அடிப்பாவி," என்றேன். "கூடையால கட்டிப்போடப் போறியா?"

"நல்ல கூடையா கட்டுவேன். அதுல குறை வைக்க மாட்டேன்."

குறை வைக்கவில்லைதான். அப்படி ஒரு கூடையை நான் பார்த்ததில்லை. வளைய ரொட்டிக்குச் சர்க்கரைப் பாகை அவள் பூசிய அழகில், யாருக்கும் வஞ்சகம் நினைக்கத் தோன்றாது. நகரத்துச் சதுக்கத்தில் பெண்கள் எல்லாரும் காதோரம் திருநீற்றுப்பச்சை செருகிக்கொண்டு ஆடிப் பாடிக் கூடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதற்குள் புகுந்து அருங்காட்சியக வாசலுக்குப் போனோம். நோயெலியா வெளியே வந்தாள். கூடையைப் பார்த்தாள், காசில்தாவைப் பார்த்தாள். அவளும் எங்கள் பள்ளத்தாக்குப் பெண்தான். புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை.

"தோன்யா காசில்தா, நீங்க பொல்லாதவங்க," என்றாள்.

"கனக்குது. வாங்கிக்கிறீங்களா, இல்லையா?"

நோயெலியா இரண்டு கையாலும் வாங்கினாள். திருநீற்றுப்பச்சையில் ஒரு கிள்ளு கிள்ளிக் காதோரம் வைத்துக்கொண்டாள். "சரி, கொமாத்ரே," என்றாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். திரும்பி வரும் வழி முழுக்கக் காசில்தா பாடிக்கொண்டே வந்தாள்.

கொமாத்ரே ஆன பிறகு கார்னவாலுக்கு அழைக்காமல் இருக்க முடியுமா? சனிக்கிழமை நோயெலியா வந்தாள். எங்கள் ஆண்கள் காலையிலேயே எர்க்கே கொம்பு ஊதி, தோல் பறை தட்டி, முகமெல்லாம் மாவு பூசிக்கொண்டு திரிந்தார்கள். அவளுக்கும் மாவு பூசினோம், சிச்சா கொடுத்தோம். அவள் சுவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் இருட்டி, மழை கொட்டி, பள்ளத்தில் தண்ணீர் இறங்கியது.

எல்லாரும் கரைக்கு ஓடினோம். பழுப்புத் தண்ணீர் மரக்கிளையும் சரளையும் உருட்டிக்கொண்டு வந்து முனையில் மோதியது. சுவர் நின்றது. நெமேசியோ ஒவ்வொரு மோதலுக்கும், "அப்படித்தான்! கட்டிப் பிடி! விடாதே!" என்று கத்தினார். ஊரே சேர்ந்து கத்தியது. காசில்தாவின் அடுப்பு அசையாமல் நின்றது.

நோயெலியா மட்டும் கரையோரம் குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தாள். சரளை உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை பெரிய சத்தம் வரும்போதும் அவள் கண்ணை மூடித் திறந்தாள். வேறொன்றும் செய்யவில்லை. காசில்தா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"ஏதாவது சொல்லேன், கொமாத்ரே."

"என்ன சொல்ல? உன் அடுப்பு நல்லா இருக்கு. சந்தோஷம்."

அவள் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னாள். அதுதான் காசில்தாவைச் சுட்டது. தண்ணீர் வடிந்ததும் இரண்டு பேரும் இறங்கிப் பார்த்தார்கள். முன்பற்களில் ஒன்று முனை உடைந்து காணாமல் போயிருந்தது. நோயெலியா உடைந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, மேலே வந்து, எல்லாரோடும் சாப்பிட்டுவிட்டு, விடைபெற்றுப் போனாள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் காசில்தா ஆட வரவில்லை. நான் தேடிப் போனேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அவ கையைக் கட்டணும்னுதான் கூடை அனுப்பினேன்," என்றாள். "அவ பாட்டுக்குக் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கா. என் கையும் சேர்ந்து கட்டிக்கிடுச்சு. அவளால என் வீட்டுக்குக் கேடு வரக் கூடாதுன்னா, என்னால அவ வீட்டுக்கு மட்டும் வரலாமா? அவ வீடு எது? அந்த எலும்புதானே. அதுக்கோ அழக்கூட நாதி இல்ல. இவ ஒருத்திதான்."

"அடுப்பு?"

"அடுப்பு அடுப்புதான்," என்றாள். கண் கலங்கியது. அவள் திருமணமாகி வந்த வருடம் கணவனும் அவளும் மிதித்த மண் அது. எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நெமேசியோவிடம் போனோம். அவர் கார்னவால் மயக்கத்தில் மரத்தடியில் கிடந்தார்.

"வச்ச கல்லை எடுக்கிற வழக்கம் நமக்கு இல்ல, தோன்யா."

"அது கல்லே இல்லையேய்யா."

"என் சுவர்ல இருக்கிற வரைக்கும் அது கல்லுதான்." திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கார்னவால் முடிந்து வரும் சாம்பல் புதனன்று எங்கள் ஊர் ஆண்கள் எவரும் வேலைக்கு லாயக்கில்லை. ஆனால் காசில்தாவுக்குக் கொமாத்ரேக்கள் இருந்தார்களே! கல்யாணம் ஆகி வந்த நாள்முதல் ஆண்டு தவறாமல் கூடை கட்டியவள். செய்தி போனது. புதன் காலையில் மேட்டுப் பக்கத்திலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார்கள். கோவிலில் சாம்பல் பூசிக்கொண்டு நேராக வந்தவர்களும் உண்டு. வெறுங்கையோடு யாரும் வரவில்லை. கடப்பாரை வந்தது, கயிறு வந்தது, ஒருத்தி வாசல்படிக் கல்லையே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தாள். நோயெலியாவும் சாக்கும் சுண்ணப்பொடியுமாக வந்தாள்.

"வேண்டாம், கொமாத்ரே," என்றாள். "மழை இன்னும் போகலை. நான் கேக்கவே இல்லையே."

"நீ கேக்கலை. அதனாலதான். தள்ளு, வழிவிடு."

எங்களுக்குக் கல் அடுக்கத் தெரியாது, பிரிக்கவும் தெரியாது. மேல் வரிசையைக் கடப்பாரையால் நெம்பினோம். கற்கள் ஒன்றோடொன்று இடித்து அவலட்சணமாகச் சத்தம் போட்டன. அந்தச் சத்தம் மரத்தடிக்குக் கேட்டிருக்கிறது. நெமேசியோ ஒரு காலில் செருப்போடு ஓடிவந்தார்.

"நிறுத்துங்கடி! கல்லா உரிக்கிறீங்க, கோழியா உரிக்கிறீங்க? அங்க கை வைக்காதே! அது முதுகெலும்பு!"

"அப்ப வந்து நீ காட்டு," என்றாள் காசில்தா.

அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அது சிச்சாவின் வலியா, எங்கள் வேலையைப் பார்த்த வலியா, தெரியாது. ஒரு பக்கமாகப் படிப்படியாகக் கழற்றச் சொன்னார். கரையை முட்டுக் கொடுக்க உத்தரக் கட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். கழற்றிய கல்லை வரிசை மாறாமல் தரையில் வைக்கச் சொன்னார். மீறியவளைத் திட்டினார். நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்டோம். கடைசியில் தாடையின் இரண்டு கைகளுக்கு நடுவே இறுக்கியிருந்த கல்லை அவரே தன் கையால் மெல்ல அசைத்து எடுத்தார்.

நோயெலியா தாடைக்கு ஈரக் காகிதம் ஒட்டி, சுண்ணப்பொடி குழைத்து, அதில் சாக்கைத் தோய்த்து, உடையாதபடி சுற்றினாள். காய்ந்ததும் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கி வண்டியில் ஏற்றினோம்.

சுவர் வயிறு திறந்து நின்றது. கரை மண் உள்ளேயிருந்து பொலபொலவென்று உதிர்ந்தது. நெமேசியோ வானத்தைப் பார்த்தார். மலைமேல் மேகம் கூடிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, நீங்க கிளம்புங்க," என்றார். "ஆத்துல தண்ணி வந்தா வண்டி கடக்காது."

நோயெலியா வண்டியைப் பார்த்தாள். பிறகு தொப்பியைத் தாடைமேல் கவிழ்த்துவிட்டு இறங்கி வந்தாள். "எந்தக் கல்லு முதல்ல, தாத்தா?"

இரண்டு கை உள்ள கல்லுக்கு இன்னொன்று எங்கே போவது? நெமேசியோ முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய், கலப்பைக்கென்று செதுக்கி வைத்திருந்த அல்கரோபோ மரக் கவையை இழுத்து வந்தார். பிரிந்த இரண்டு கிளையும் கரைக்குள் போகும்படி கவையை வைத்து நடுவே அதே கல்லை இறுக்கினார். நாங்கள் வரிசையில் நின்று கல்லைக் கைமாற்றினோம். நோயெலியா எனக்கு அடுத்து நின்றாள். சேறு அவள் இடுப்புவரை.

அப்போது எனக்குப் புகை வாசம் வந்தது. திரும்பினால் காசில்தா கரை மேல் அடுப்புக்குள் சுர்க்கி முள் விறகைத் திணித்துக்கொண்டிருக்கிறாள்.

"உனக்குப் பைத்தியமா? இப்பப் போய் அடுப்பா?"

"இவ்வளவு பேர் வந்திருக்காங்க. பட்டினியாவா அனுப்புவேன்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "விழுந்தா விழட்டும். ஆனா குளிர்ந்து போய், காலி வயித்தோட விழக் கூடாது. ரொட்டியோட விழட்டும்."

நான் கையைக் கழுவிக்கொண்டு மாவு உருட்டப் போனேன்.

கடைசி வரிசை ஏறிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. மேலே பள்ளத்தில் இரைச்சல் கேட்டதும் நெமேசியோ எல்லாரையும் கரையேறச் சொன்னார். அவர் மட்டும் இறங்கி நின்று, மிச்சமிருந்த வாசல்படிக் கல்லை உச்சியில் வைத்து, உள்ளங்கையால் தட்டிவிட்டு ஏறினார். காசில்தா அடுப்பைத் துடைத்து, தணலை ஒதுக்கி, துடுப்பால் ரொட்டியை உள்ளே தள்ளி வாயை மூடினாள். அவள் திரும்புவதற்கும் தண்ணீர் வருவதற்கும் சரியாக இருந்தது.

முதல் மோதலில் சுவருக்குள் 'டொக்' என்றது. பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உக்காருது," என்றார் நெமேசியோ. "புதுச் சுவர் உக்காரும். உக்காரட்டும்."

இரண்டாவது மோதலுக்கு ஓரத்தில் ஒரு துண்டுக் கரை சரிந்து போயிற்று. காசில்தாவின் துணிக்கொடிக் கம்பு அதோடு போயிற்று. அவள் அடுப்பின் சூடான முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நோயெலியா அவள் பக்கத்தில் வந்து தன் கையையும் வைத்தாள். கவைக்கு மேலே ஒரு கல் பிதுங்கியது. பிதுங்கிய இடத்திலேயே நின்றது. தண்ணீர் தள்ளியது. பிறகும் தள்ளியது. பிறகு, எப்போது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது, தண்ணீர் திரும்பக் கற்றுக்கொண்டதுபோல வளைந்து எதிர்க் கரைக்குப் போனது.

யாரும் கத்தவில்லை. அன்று நோன்பின் முதல் நாள், கத்தும் நாள் இல்லை. நனைந்த முக்காடுகளைப் பிழிந்துகொண்டு, தண்ணீர் இறங்கும்வரை அப்படியே நின்றிருந்தோம்.

"கொமாத்ரே," என்றாள் நோயெலியா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஏதோ தீயுது."

காசில்தா அலறிக்கொண்டு அடுப்பு வாயைத் திறந்தாள். ரொட்டி எல்லாம் மேலே பொன்னிறம், அடியில் கரி. பசியில் யாரும் பார்க்கவில்லை. சூட்டோடு பிய்த்து வாயில் போட்டோம். நெமேசியோ மட்டும் தன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடி கருகிடுச்சே, தோன்யா."

"உன் சுவரைத்தான்யா பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றாள் காசில்தா. கருகாத பக்கமாகப் பார்த்து இன்னொரு துண்டு பிய்த்து அவர் கையில் வைத்தாள்.